டிசம்பர் கடைசி வாரத்தில் மேசைக்கு வரும் கோப்பு

வாசகர் கேள்வி:

திருகோணமலையிலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நிதிக் கிளையில் உதவி நிதியாளராகக் கடமையாற்றுகிறேன். கொழும்பில் கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிற்சி பெற்று, பட்டயக் கணக்காளர் தகைமையை முடித்த பின், அம்மா அப்பாவுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஊருக்குத் திரும்பினேன். எங்கள் கிளையில் வெற்றிடங்கள் நீண்ட காலமாக நிரப்பப்படவில்லை. இருப்பவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று பேரின் வேலையைச் செய்கிறோம். கடந்த டிசம்பர் கடைசி வாரத்தில், இன்னும் வந்து சேராத ஆய்வுகூடக் கருவி ஒன்றுக்குப் பணம் கொடுப்பதற்கான உறுதிச்சீட்டைச் (வவுச்சரை) சான்றுப்படுத்தும்படி கேட்டார்கள். பொருள் கிடைத்துவிட்டதாகக் கையொப்பமிட்ட பெறுகைக் குறிப்பும் கோப்பில் இணைக்கப்பட்டிருந்தது. ஆண்டு முடிந்தால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், பிள்ளைகளுக்குத்தான் நட்டம் என்றார்கள். நான் மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து, படிப்பின் அருமை தெரியாமல் காசுக்குக் காவல் இருப்பவள் என்று என்னைப் பேசுகிறார்கள். போதாததற்குக் கணக்காய்வாளர்கள் விளக்கம் கேட்டு அனுப்பும் ஐயவினாக்கள் வந்தபடி இருக்கின்றன. கட்டாரில் நல்ல வேலையொன்று கிடைக்கும் நிலையில் உள்ளது. நான் செய்தது சரியா? இந்தத் துறையில் தொடர்ந்து இருப்பதில் அர்த்தம் உண்டா?

— வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்தது சரி. அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் அது ஏன் சரி என்பதை, உங்களைக் குறை சொல்பவர்களுக்கும் விளங்கும் வகையில் நீங்கள் எடுத்துச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப்பிரமாணங்களில் 135ஆவது, அரச பணம் வெளியேறும் பாதையை நான்கு கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. செலவுக்கு அதிகாரமளிப்பவர் ஒருவர், அதை அனுமதிப்பவர் ஒருவர், சான்றுப்படுத்துபவர் ஒருவர், பணத்தைக் கொடுப்பவர் ஒருவர். இவர்களுள் சான்றுப்படுத்துபவர் தமது கையொப்பத்தால் சொல்லும் செய்தி ஒன்றே: பொருள் வந்தது, வேலை முடிந்தது, ஆகவே இந்தத் தொகை உரியவருக்குக் கொடுக்கப்பட வேண்டியது. நிதிப்பிரமாணம் 237 கேட்பதும் இதைத்தான். கருவி கொழும்பில் வழங்குநரின் களஞ்சியத்தில் இருக்கும்போது, அல்லது கப்பலே ஏறாமல் இருக்கும்போது, திருகோணமலையில் கிடைத்துவிட்டது என்று நீங்கள் கையொப்பமிட்டிருந்தால், ஒரே கையெழுத்தில் மூன்று கேடுகள் நேர்ந்திருக்கும். முதலாவது, பொய்யான ஆவணம் ஒன்று நிறுவனத்தின் நிரந்தரப் பதிவாகியிருக்கும். இரண்டாவது, பணம் கைக்கு வந்துவிட்ட வழங்குநரிடம் குறைபாடற்ற கருவியைக் கொண்டுவந்து பொருத்தித் தரும்படி வற்புறுத்த உங்கள் நிறுவனத்திடம் பிடிமானம் எதுவும் மிஞ்சியிருக்காது. மூன்றாவது, டிசம்பர் 31ஆம் திகதிய நிதிநிலைக் கூற்றில் இல்லாத சொத்தொன்று இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பின்னர், இத்தகைய கொடுப்பனவால் ஏற்படும் நட்டத்தைப் பொறுப்பான தனிநபர்களிடமிருந்தே அறவிடுவதற்கும் சட்டத்தில் இடமுண்டு என்பதை உங்களிடம் கையொப்பம் கேட்டவர்கள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பெறுகைக் குறிப்பில் கையொப்பமிட்ட களஞ்சியப் பொறுப்பாளரையும் சேர்த்தே நீங்கள் காப்பாற்றியிருக்கிறீர்கள்.

இதற்குப் பிறகுதான் கடினமான பகுதி வருகிறது. பிள்ளைகளுக்கு நட்டம் என்று அவர்கள் சொன்னதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. மூதூரிலிருந்தோ கந்தளாயிலிருந்தோ வந்து படிக்கும் பிள்ளை இறுதியாண்டில் தொட்டுப் பழக வேண்டிய கருவியைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் பெற்றுப் போவது உண்மையான நட்டந்தான். ஆகவே, டிசம்பரில் ‘முடியாது’ என்று சொன்னதோடு உங்கள் கடமை தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. அந்தக் கோப்பு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். தேவையைத் துறை எழுதிக் கொடுத்தது எப்போது? விவரக்குறிப்பைத் தயாரித்தது யார், அது எத்தனை முறை திருத்தப்பட்டது? தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு எந்த மாதத்தில் கூடியது? விலைமனுவின் செல்லுபடிக் காலம் குழு கூடுவதற்குள் முடிந்துபோய் மறுபடியும் விலை கோர நேர்ந்ததா? என் அனுபவத்தில், டிசம்பர் கடைசி வாரத்தில் நிதிக் கிளைக்கு வந்து விழும் நெருக்கடிகளிற் பெரும்பாலானவை மார்ச்சிலோ ஏப்ரலிலோ, நிதிக் கிளையைச் சேர்ந்த எவரும் இல்லாத ஓர் அறையில் பிறந்தவை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதுதான். உயர்கல்வியில் கணக்காளர் கோப்பின் கடைசித் தாளில் மட்டும் சந்திக்கப்படும் ஆளாக இருக்கும் வரைக்கும், அவருக்குச் சொல்ல வாய்ப்பது சம்மதம் அல்லது மறுப்பு என்ற இரண்டில் ஒன்றுதான். சம்மதித்தால் கணக்காய்வுக்குப் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் சக ஊழியரின் பகை வரும். இந்த இடத்தைவிட்டு நீங்கள் முன்னே நகர வேண்டும். பெறுகைத் திட்டம், அதாவது ஆண்டில் எதை எப்போது வாங்குவது என்ற திட்டம், எழுதப்படும் மேசையில் உங்களுக்கு ஒரு கதிரை வேண்டும். அதை எவரும் தாமாகக் கொண்டுவந்து போடமாட்டார்கள்.

அந்த மேசைக்கு வெறுங்கையோடு போகாமல், நாட்காட்டி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு போங்கள். இறக்குமதிக் கருவி ஒன்று கட்டளையிட்ட நாளிலிருந்து வந்து சேர மூன்று மாதம் எடுக்கும் என்று வையுங்கள். பொருத்திப் பரீட்சித்துப் பார்க்க ஒரு மாதம் விட்டால், நவம்பர் முடிவில் பணம் கொடுப்பதற்கு யூலை இறுதியில் கட்டளை போயிருக்க வேண்டும். விலைமனுக் கோரி, மதிப்பிட்டு, அனுமதி பெறும் காலத்தையும் கழித்தால், விவரக்குறிப்பு மார்ச்சில் கையில் இருக்க வேண்டும் என்பது தெரியவரும். திருகோணமலைக்கு இன்னும் ஒரு கணக்கைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. விசேடக் கருவிகளை விற்கும் நிறுவனங்களிற் பல கொழும்பிலேயே உள்ளன. பொருத்துவதற்கும் பின்னர் பழுதுபார்ப்பதற்கும் தீவின் மறு கரைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பதால் சிலர் விலை கூட்டுவார்கள், சிலர் மனுவே தரமாட்டார்கள். பராமரிப்பு நிபந்தனையை விலைமனு ஆவணத்திலேயே தெளிவாக எழுதாவிட்டால், வாங்கிய கருவி இரண்டாம் வருடத்தில் உறையிட்டு மூடப்பட்டுக் கிடக்கும். தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பீடத்தில் பலர் 2006ஆம் ஆண்டு வழிகாட்டலின் நினைவிலேயே இன்னும் நடந்துகொள்ளக்கூடும். புதியவற்றை முதலில் ஊன்றிப் படித்தவராக நீங்கள் இருந்தால், அந்த மேசையில் உங்களுக்கு இடம் மறுப்பது எவருக்கும் கடினம்.

அப்படியும் டிசம்பரில் ஒரு கோப்பு தேங்கி நின்றால், பொய் சொல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. ஒப்பந்தத்தில் முற்கொடுப்பனவுக்கு இடமிருந்து, அதற்கு ஈடான வங்கி உத்தரவாதத்தையும் வழங்குநர் கொடுத்தால், வழிகாட்டல் அனுமதிக்கும் எல்லைக்குள் முற்பணம் கொடுக்கலாம். அது முற்பணமாகவே கணக்கில் நிற்கும். இல்லையேல், கடப்பாடாக வெளிப்படுத்தி, அடுத்த ஆண்டின் ஒதுக்கீட்டில் முதலிடம் கேட்டு உரிய காலத்தில் எழுதலாம். ஏற்கெனவே வந்து சேர்ந்து பணம் கொடுக்கப்படாமலிருக்கும் வேறு மூலதனப் பொருட்கள் இருந்தால், எஞ்சிய நிதியை அவற்றுக்குப் பயன்படுத்த அனுமதி கோரலாம். டிசம்பர் 28ஆம் திகதி மறுக்கும்போது இந்த மூன்றில் ஒன்றை எழுத்தில் முன்வைத்து மறுத்தீர்கள் என்றால், அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

அடுத்தது பணத்தின் பெறுமதி. உங்கள் மீது கோபமாக இருக்கும் விரிவுரையாளர்கள், ஒதுக்கீட்டுத் தொகை பெரிதாகக் குறையவில்லையே, பின்னர் ஏன் எதையும் வாங்க முடியவில்லை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி இது; பதில் சொல்ல வேண்டியவர் கணக்காளர்தான். 2022 மார்ச் ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. 10,000 டொலர் பெறுமதியான கருவி 20 இலட்சத்திலிருந்து 36 இலட்சமாகியது. பின்னர் ரூபா ஓரளவு மீண்டாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2022 ஒக்டோபரில் 2.5 சதவீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி சேர்ந்தது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகியது; அந்த வரியை மீளக் கோர முடியாத கல்வி நிறுவனத்துக்கு அது முழுவதும் செலவுதான். இவற்றுக்கு மேலே, 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை அரசாங்கம் இடைநிறுத்தியதும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவித் திட்டம் தொடங்கியதும், 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் அரசின் ஆரம்பச் செலவினத்துக்கு (வட்டி தவிர்ந்த செலவுக்கு) மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதம் என்று எல்லை வகுத்ததும் உள்ளன. திறைசேரியின் கை இறுகியிருப்பது ஓர் அதிகாரியின் மனநிலையால் வந்ததன்று. இதை ஒரே தாளில், உங்கள் நிறுவனம் உண்மையில் வாங்கிய ஐந்தாறு பொருட்களின் பழைய விலையையும் புதிய விலையையும் பக்கத்தில் வைத்து எழுதிப் பீடச் சபைக்குக் கொடுங்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் எண்களைப் பார்த்தால் நம்புவார்கள்.

ஆளணிப் பற்றாக்குறை பற்றி உங்களுக்கு ஆறுதலான செய்தி எதுவும் என்னிடம் இல்லை. பதவி உருவாக்கத்துக்கு முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இருக்கும் பதவியை நிரப்புவதற்கும் நெருக்கடிக்குப் பின்னர் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. இருப்பவர்களும் வெளிநாடு போகிறார்கள். நிர்வாகம் கேட்கும் அறிக்கை எல்லாவற்றையும் எல்லா மாதமும் கொடுக்க முடியாது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் உங்கள் புத்தகத்தை வங்கியின் கணக்கோடு ஒப்பிடும் மாதாந்த வங்கி இணக்கக் கூற்று, முற்பணத் தீர்வு, ஒருவர் தயாரித்ததை வேறொருவர் சரிபார்ப்பது ஆகிய மூன்றையும் எந்த நெருக்கடியிலும் விட்டுவிடாதீர்கள். ஆள் இல்லை என்று காசோலையைத் தயாரிப்பவரே வங்கி இணக்கத்தையும் செய்யத் தொடங்கும் இடத்திற்தான் மோசடி நுழைகிறது. களச் சுற்றுலாவுக்கும் கருத்தரங்குக்கும் எடுத்த முற்பணத்தை வேலை முடிந்தவுடன் தீர்க்க வேண்டும் என்கிறது நிதிப்பிரமாணம் 371; தீர்க்காதவருக்கு அடுத்த முற்பணம் இல்லை என்பதைப் பேராசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துங்கள்.

கணக்காய்வு ஐயவினாக்களைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். அவை உங்கள் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு என்று எண்ணி மனம் தளர்கிறீர்கள் போலத் தெரிகிறது. கொழும்பில் நீங்கள் மேசையின் மறுபுறத்தில் இருந்தவர். கேள்வி கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். நடந்தது என்ன, அது ஏன் நடந்தது, இப்போது திருத்துவதற்கு யார், எந்தத் திகதிக்குள், என்ன செய்கிறார் என்பவை பதிலில் இருந்தால் போதும். ‘எதிர்காலத்தில் கவனத்திற் கொள்ளப்படும்’ என்ற வாசகத்தை மட்டும் எழுதாதீர்கள். அதே குறை அடுத்த ஆண்டும் தோன்றும்போது அந்த வாசகமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். பாராளுமன்றத்தின் கோப் குழு (அரச முயற்சிகள் பற்றிய குழு) ஒரு நிறுவனத்தை அழைக்கும்போது, முன்னைய ஆண்டுகளில் சொன்ன பதில்களுக்கு என்ன நடந்தது என்றும் கேட்கிறது. கற்கை விடுமுறையில் வெளிநாடு சென்று திரும்பாத விரிவுரையாளர்களிடமிருந்து அறவிட வேண்டிய பிணைமுறித் தொகை பல பல்கலைக்கழகங்களின் கணக்கில் வருடக்கணக்காக நிற்பதற்கு, நிதிக் கிளை நினைவூட்டல் கடிதம் எழுதுவதும் சட்டப் பிரிவு வேறெங்கோ தனியே நடப்பதும் ஒரு காரணம். பிணையாளிகளின் முகவரியோடு அந்தப் பட்டியலைச் சபைக்குக் காலாண்டு தோறும் சமர்ப்பிக்கும் வழக்கத்தைத் தொடங்குங்கள். ஐயவினாவோ சுற்றறிக்கையோ சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழ்ப் பிரதியைக் கோர உங்களுக்கு உரிமை உண்டு, கோருங்கள். அதே வேளை, பிரதி வரும் வரை காத்திருந்து பதிலுக்கான காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். கிளையில் மூன்று சமூகத்தவரும் இருப்பது திருகோணமலைக்கு வாய்த்த பலம். பக்கத்து மேசையில் இருப்பவரோடு சேர்ந்து வாசித்தால் அன்றைக்கே விளங்கிவிடும்.

நிலையான சொத்துப் பதிவேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரில் அது கொழும்பில் இருப்பதைப் போன்றதன்று. கடற்கரையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் பின்புறச் சுவரில் பொருத்தியிருக்கும் குளிரூட்டியின் வெளிப்பெட்டியை நெருங்கிப் பாருங்கள். வாடைக் காற்று அள்ளிவரும் உப்பு அதன் தகட்டைத் தின்று, திருகாணிகள் தலையில்லாமல் நிற்கும்; இருப்பு இலக்கம் எழுதிய வண்ணப்பூச்சு செதிலாக உதிர்ந்திருக்கும். 300,000 ரூபாவுக்கு வாங்கி, 10 ஆண்டு ஆயுள் என்று பதிந்து, ஆண்டுக்கு 30,000 ரூபா தேய்மானம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்; அது ஐந்தாம் ஆண்டில் இயங்காமற் போகும்போது 150,000 ரூபா பெறுமதியுள்ள சொத்தாகப் புத்தகத்தில் நிற்கும். அதே வளவில், முழுவதும் தேய்மானம் போட்டு முடிந்து பூச்சியப் பெறுமதியில் இருக்கும் மின்பிறப்பாக்கி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இலங்கை அரசதுறைக் கணக்கீட்டு நியமம் 7, சொத்துகளின் பயன்தரு ஆயுளை ஒவ்வோர் ஆண்டிறுதியிலும் மீளாய்வு செய்யச் சொல்கிறது. மாற்றம் இருந்தால் நியமம் 3இன்படி மதிப்பீட்டு மாற்றமாகக் கருதி, இனிவரும் ஆண்டுகளுக்கு மட்டும் சீராக்கலாம். பழைய கணக்குகளைத் திறக்க வேண்டியதில்லை. பராமரிப்புப் பொறியியலாளரையும் ஆய்வுகூட உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாக நடந்து, உப்புக் காற்று படும் சொத்துகளைத் தனி வகுப்பாக்கி, ஏற்ற ஆயுளை நிர்ணயித்துக் குறிப்பெழுதுங்கள். ஆண்டு தோறும் வரும் ஓர் ஐயவினா இதனால் நின்றுபோகும். அதைவிடப் பெரிய பயனும் உண்டு. எந்த ஆண்டில் எதை மாற்ற வேண்டியிருக்கும் என்ற உண்மையான பட்டியல் உங்கள் கையில் இருக்கும். பாதீட்டுக் கூட்டத்தில் அப்படிப்பட்ட பட்டியலோடு வருபவர்கள் மிகச் சிலரே.

வரி விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருகை விரிவுரையாளருக்கு மாதமொன்றில் 100,000 ரூபாவுக்கு மேல் கொடுக்கும்போது 5 சதவீதம் நிறுத்தி வைக்க வேண்டியிருப்பதும், சம்பள வரி விலக்கின் எல்லை 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாவாக உயர்ந்திருப்பதும் நியமனக் கடிதத்தோடு எழுத்தில் போக வேண்டும். பணம் குறைந்து கையில் கிடைத்த பிறகு விளக்குவதாற்தான் மனத்தாங்கல் வருகிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கட்டாருக்குப் போவதா, இருப்பதா? வெளிநாடு போகும் கணக்காளரைக் குற்றவாளியாகப் பார்ப்பவர்களில் நான் ஒருவனல்லன். குடும்பக் கடன், தங்கையின் படிப்பு, வீடு என்று உங்களுக்கு உள்ள பொறுப்புகளை நான் அறியேன். அவை அழுத்துமானால் போவது நியாயம். வேறொரு நிலைமையிலும் போகலாம். டிசம்பரில் நடந்ததை உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் அறிவித்த பின்னும், உங்களைப் பாதுகாப்பதற்குப் பதிலாக அதே போன்ற கையொப்பத்தை மறுபடியும் கேட்டு, மறுத்தால் இடமாற்றம் என்று மிரட்டுகிறார்களானால், அங்கே தங்கி உங்கள் தொழில் நேர்மையை அபாயத்துக்கு உள்ளாக்க வேண்டியதில்லை. நீங்கள் சார்ந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் ஒழுக்கக் கோவையும், நேர்மைக்கு வரும் அச்சுறுத்தலை நீக்க முடியாதபோது விலகிக்கொள்வதை ஏற்றுக்கொள்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் காண்பது அதுவன்று. களைப்பும், தனிமையும், செய்த நல்ல காரியத்துக்குப் பழி கிடைத்த வேதனையும் தெரிகின்றன. அவை உண்மையானவை, ஆனால் மாற்றக்கூடியவை. நல்ல கணக்காளர்கள் ஒவ்வொருவராக விலகினால், தயங்காமல் கையொப்பமிடுபவர்களிடமே அந்த மேசை போய்ச் சேரும். ஆகவே, கட்டார் வேலை காத்திருக்கும் என்றால், ஒரு முழு வரவுசெலவுச் சுற்றுக்கு மட்டும் இருந்து பாருங்கள் என்பதே என் ஆலோசனை.

உடனே செய்ய வேண்டியது இது. கடந்த மூன்று ஆண்டுகளின் டிசம்பர் மாத மூலதன உறுதிச்சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் தேவை எழுதப்பட்ட திகதி, விலைமனுக் கோரிய திகதி, கட்டளையிட்ட திகதி, பொருள் உண்மையில் வந்த திகதி ஆகிய நான்கையும் ஓர் எக்செல் தாளில் பதியுங்கள். எவருடைய பெயரும் அதில் வேண்டாம். நிதியாளரிடம் காட்டி அவருடைய இணக்கத்தைப் பெற்ற பின், உங்களோடு அதிகம் கோபமாக இருக்கும் பீடாதிபதியிடம் அதை நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கருவி தேவை என்று அவர் கேட்டது நியாயம் என்பதை முதலிற் சொல்லுங்கள். பிறகு, அடுத்த பெறுகைத் திட்டக் கூட்டத்துக்கு உங்களையும் அழைக்கும்படி கேளுங்கள்.